சட்டைக் கையில் மீதிச் செய்தி

தன் ரத்தம் சரியில்லை என்ற விஷயம் ஊக்குக்கு வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குத்தான் தெரிய வந்தது.

தெரியப்படுத்தியவன் கேப்டன். கரும்பலகையின் ஓரத்தில் தொடர் ஓட்ட அணியின் நான்கு பெயர்களும் ஒரு வாரமாக இருந்தன. மூன்றாவது, கேப்டன். நான்காவது, ஊக்கு. அன்று அந்த நான்காவது பெயர் அழிக்கப்பட்டிருந்தது. அழித்ததுகூடச் சரியாக அழியவில்லை. வெள்ளைப் புகை மாதிரி இன்னும் தெரிந்தது.

"கேப்டன், என் பேரு எங்க?"

"எடுத்துட்டேன்" என்றான் கேப்டன், கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே. "நீ ஏ பிரிவு."

"அதனால?"

"அதனால என்ன அதனால? ஏ பெஞ்சுல ஆறு பேரு. நாலு பேரு தொண்டை வலி, காய்ச்சல்னு வீட்டுல படுத்தாச்சு. மிச்சம் நீயும் சோப்பும்தான். அடுத்த புதன்கிழமை போட்டி. அன்னைக்குக் காலையில நீயும் படுத்துட்டா, நான் குச்சியைக் கையில வெச்சிக்கிட்டு யாரைத் தேடுறது?"

"எனக்கு ஒண்ணுமே இல்லையே. இதோ பாரு." ஊக்கு வாயை அகலமாகத் திறந்து காட்டினாள்.

"மூடு, மூடு. இப்ப இல்ல. இனிமே வரும். தாள்லயே போட்டிருக்கு."

இதைக் கேப்டன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கேப்டன் மெதுவாகச் சொன்னாலே பக்கத்து வகுப்பு ஆசிரியர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். அப்படி ஒரு குரல். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று அவன் "எடு" என்று கத்தினால், இந்தக் கோடியில் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட எதையாவது கையில் எடுத்துக்கொள்வார்கள்.

வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள் ஊக்குதான். இதில் கேப்டனுக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய சந்தேகம் எல்லாம் அவள் ரத்தத்தின் மேல்தான்.

ஊக்கு என்பது அவளுடைய அப்பா வைத்த பெயர். அப்பா தையற்காரர். மகள் ஒல்லி. ஓடி ஓடி அவளுடைய ஸ்கர்ட்டின் ஓரம் எப்போதும் பிரிந்திருக்கும். அதை மடித்து ஓர் ஊக்கு குத்தியிருப்பாள். "தையற்காரன் மகள் துணியில ஊக்கு. வெளியில சொன்னா என் கடைக்கு யாரும்மா வருவாங்க?" என்று அப்பா தினமும் கேட்பார். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. தம்பிக்கு ஐந்து வயது. உருண்டையாக இருப்பான். அவன் பெயர் பொத்தான்.

இந்த ரத்தக் கதை தொடங்கியது இரண்டு வாரத்துக்கு முன்னால், புது அடையாள அட்டை வந்தபோது.

அட்டையில் ஒவ்வொருவருக்கும் ரத்தப் பிரிவுக்கு ஏற்ப ஒரு வண்ணக் கோடு. ஏ பிரிவுக்கு மஞ்சள், பி பிரிவுக்குப் பச்சை, ஓ பிரிவுக்குச் சிவப்பு. ஏபி பிரிவுக்கு நீலம். நீலக்கோடு வகுப்பில் ஒரே ஒருவனுக்குத்தான். "ரெண்டும் கெட்டானா நான்?" என்று அவன் ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வண்ணம் என்று வந்துவிட்டால் சும்மா இருப்பார்களா? மறுநாளே வண்ணம் வண்ணமாக இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள். வகுப்பாசிரியை பார்த்தார். எல்லாரும் அமைதியாக இருந்ததால், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மஞ்சள்காரர்கள் ஆறு பேருக்கும் ஜன்னல் ஓரத்து நீள பெஞ்சு கிடைத்தது. அதற்கு 'ஏ படை' என்று பெயர் வைத்தார்கள். படைக்கு ஒரு சொத்தும் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் 'சித்தப்பா'. அவன் எந்தப் பேச்சையும் "எங்க சித்தப்பா..." என்றுதான் ஆரம்பிப்பான். ஆகையால் அந்தப் பெயர். ஊரிலிருந்து அவன் சித்தப்பா அனுப்பிய தண்ணீர் பாட்டில் அவன் முழங்கால் உயரம் இருந்தது. மூடியிலிருந்து பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஒரு நீல உறிஞ்சுகுழல். பாட்டிலின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, 'ஏ படைக்கு மட்டும்' என்று எழுதி வைத்தான்.

அடுத்த வாரம் கேப்டன் ஒரு செய்தித்தாள் துண்டைக் கொண்டுவந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினான். 'உங்கள் ரத்தப் பிரிவு நோயிலிருந்து உங்களைக் காக்குமா?' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே, ஓ பிரிவினருக்கு மலேரியா கடுமையாவது குறைவு என்றும், ஏ பிரிவினருக்குச் சில தொற்றுகள் சற்று எளிதாக வரக்கூடும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் சொல்வதாகப் போட்டிருந்தது.

கேப்டன் ஓ பிரிவு. அன்றிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். மழையில் நனைந்தாலும் தலையைத் துவட்டவில்லை. "நாங்கெல்லாம் ஓ" என்பான்.

தாளில் போட்டது பலித்தும் விட்டது. ஏ பெஞ்சில் முதலில் பாட்டுக்காரி தொண்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிறகு இரட்டையர் இருவரும் ஒரே நாளில். நேற்று சித்தப்பா. மற்ற பெஞ்சுகளில் ஒருவருக்குக்கூடத் தும்மல் இல்லை.

இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்?

* * *

அன்று சாயங்காலம் ஊக்கின் வீட்டு முன்னறையில், துணி வெட்டும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, வேர்க்குது."

"வேர்க்கட்டும். நீ ஏ."

"நான் பொத்தான்."

"பொத்தான்தான். ஆனா ஏ பிரிவுப் பொத்தான்." ஊக்கு அவனுடைய ஸ்வெட்டரின் கழுத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டாள். தலையில் குல்லாய், கழுத்தில் அப்பாவின் துண்டு. பொத்தானின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

முன்னறைதான் அப்பாவின் கடை. அப்பா உதட்டில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே பேசுவதில் கெட்டிக்காரர். "என்னம்மா, தம்பியைப் பார்சல் கட்டிட்டியா? எந்த ஊருக்கு அனுப்புற?"

ஊக்கு குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டாள். தன் பெயர் அழிந்தது ஒரு வருத்தம். அது போகட்டும். அட்டையைப் பார்த்தபோதே அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்திருந்தது. தம்பிக்கும் ஏ பிரிவுதான். போன வருடம் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது வீடே மூன்று நாள் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். அம்மாவுக்கு மருத்துவமனை ரத்த வங்கியில் வேலை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஊக்கு பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஏ பிரிவு ரத்தம் மட்டமா?"

"யாரு சொன்னது? மத்தியானம் ஆபரேஷனுக்கு ஏ பாசிட்டிவ் மூணு பை வேணும்னு கேட்டாங்க. குழந்தையைத் தூக்கிட்டு ஓடுற மாதிரி நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டு ஓடினேன். மட்டமான சாமானுக்கு யாராவது அப்படி ஓடுவாங்களா?"

"அப்ப ஏக்கும் ஓவுக்கும் என்னதான் வித்தியாசம்?"

"ரத்தத்துல சிவப்பு அணு இருக்குல்ல, அது மேல சின்னச் சின்னதா அடையாளம் ஒட்டியிருக்கும். அப்பா சட்டைக்குப் பொத்தான் வைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோயேன். ஏ பிரிவுக்கு ஒரு தினுசுப் பொத்தான். பிக்கு வேற தினுசு. ஏபிக்கு ரெண்டும் உண்டு. ஓவுக்கு ரெண்டுமே கிடையாது."

"எனக்கு?" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு.

"உனக்கு எதுக்குடா? நீயே பொத்தான்."

"அம்மா, அப்ப ஏக்கு நோய் சீக்கிரம் வருமா?"

"சில கிருமிக்குச் சில தினுசுப் பொத்தான்னா ஒட்டிக்க வசதின்னு சொல்றாங்க. ஆனா அது வந்து..."

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. அம்மா ஒரு செருப்போடு உள்ளே ஓடினாள். "பாலை வெச்சது யாரு? வெச்சவங்க பார்க்க மாட்டீங்களா?" அப்பா உதட்டில் இருந்த குண்டூசிகளோடு பின்னால் ஓடினார்.

ஊக்கு பொத்தானின் துண்டை இன்னும் இறுக்கினாள். அப்படியென்றால் தாளில் போட்டது பொய்யில்லை. அம்மாவே சொல்கிறாள்.

அவள் துணி வெட்டும் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். கன்னத்துக்குக் கீழே சரசரவென்று காகிதம். அப்பா சட்டைக்கு அளவு வரைந்து வெட்டி வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்கள். முதுகுக்கு ஒன்று, முன்பக்கத்துக்கு ஒன்று, கழுத்துப்பட்டைக்கு ஒன்று, கைக்கு ஒன்று.

"அந்தக் கையை நசுக்காதம்மா" என்றார் திரும்பி வந்த அப்பா. "பேங்க் மேனேஜர் சட்டை. நாளைக்கு அதை வெச்சுத்தான் துணி வெட்டணும்."

ஊக்கு தலையைத் தூக்கினாள். மூக்குக்கு நேராக இருந்த வரியில் 'ரத்தப் பிரிவு' என்று இருந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வரியிலும் ரத்தம். அதற்கு அடுத்த வரியிலும் ரத்தம்.

"அப்பா, இந்தத் தாள் ஏது?"

"போன வாரத்துப் பேப்பர். மேல் பாதியை உங்க கேப்டன் கேட்டு வாங்கிட்டுப் போனான். பேன்ட் நீளம் குறைக்க வந்தப்ப இங்கதான் உட்கார்ந்து படிச்சிட்டிருந்தான். எனக்குக் கீழ் பாதியே போதும். ஒரு அரைக்கைக்குக் கச்சிதமா இருந்துச்சு. ஏன், அதுல என்ன?"

என்னவா? கேப்டன் ஒட்டி வைத்தது பாதிச் செய்தி. மீதிச் செய்தி பேங்க் மேனேஜரின் கையாகிவிட்டது.

ஊக்கு அந்தக் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தோளில் பொருத்துவதற்காக வளைத்து வெட்டிய இடத்தில் சில சொற்கள் போய்விட்டன. மற்றதைப் படிக்க முடிந்தது.

'ஆனால், காலரா போன்ற வயிற்றுப்போக்கு நோய் வந்தால் ஓ பிரிவினருக்கே அது கடுமையாகும் வாய்ப்பு அதிகம். எல்லா நோய்க்கும் தப்பிக்கும் பிரிவு என்று எதுவும் இல்லை' என்று ஒரு பத்தி சொன்னது. அடுத்த பத்தி, 'இந்த வேறுபாடுகள் மிகச் சிறியவை. ஆயிரக்கணக்கானவர்களை எண்ணிப் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரியும். ஒருவருடைய ரத்தப் பிரிவை வைத்து அவருக்கு நோய் வரும், வராது என்று சொல்லிவிட முடியாது. நோய் பரவுவதில் இதைவிடப் பெரிய பங்கு...'

அதோடு கைமுட்டி வந்துவிட்டது. பெரிய பங்கு எதற்கு என்பது கத்தரிக்குப் போயிருந்தது.

ஊக்கு அதையே மறுபடி படித்தாள். பிறகு ஒரு நீளமான மூச்சு விட்டாள். மேசைக்கு அடியில் குனிந்து பொத்தானை வெளியே இழுத்தாள். குல்லாயைக் கழற்றினாள், துண்டை அவிழ்த்தாள், ஸ்வெட்டரை உருவினாள். உள்ளே பொத்தான் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தான்.

"இப்ப நான் ஏ இல்லியா?"

"ஏதான். போய் விளையாடு."

ஓடியே போய்விட்டான்.

தம்பி பயம் தீர்ந்தது. ஆனால் ஒன்று உதைத்தது. ஆயிரக்கணக்கானவர்களை எண்ணினால்தான் தெரியும் என்றால், ஆறே பேர் உட்காரும் பெஞ்சில் நாலு பேர் எப்படி விழுந்தார்கள்?

அப்பா துணியில் குறி போடும் சாக்குக் கட்டியை எடுத்து, ஒரு துண்டுத் துணியில் ஆறு கட்டம் போட்டாள். பாட்டுக்காரி, இரட்டையர், சித்தப்பா. நாலு கட்டத்தில் பெருக்கல் குறி. மிச்சம் இரண்டு. ஒன்று அவள், இன்னொன்று சோப்பு.

எங்கள் இரண்டு பேரிடம் அப்படி என்ன இருக்கிறது? இல்லை, என்ன இல்லை?

சோப்புக்கு எதையும் கழுவினால்தான் தூக்கம் வரும். பாட்டிலின் நீலக் குழலுக்குள் ஓர் எறும்பு மேலே ஏறுவதை முதல் நாளே பார்த்துவிட்டாள். அதிலிருந்து அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஊக்கு குடிக்காததற்குக் காரணம் அம்மா. ரத்த வங்கியில் நாள் முழுக்கக் கையுறை போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு ஊரான் வாய் வைத்த பாட்டிலில் வாய் வைப்பது என்றால் ஆகவே ஆகாது.

மற்ற நாலு பேரும் அந்தக் குழலை மாறி மாறி உறிஞ்சினார்கள்.

ஆறு கட்டத்துக்கு நடுவில் ஊக்கு ஒரு பாட்டிலை வரைந்தாள். பாட்டிலிலிருந்து நாலு கோடு. நாலும் பெருக்கல் குறியில் போய் முட்டின.

ஏ பிரிவு என்பதால் நோய் வரவில்லை. ஏ பிரிவு என்று ஒரே பெஞ்சில் போய் உட்கார்ந்ததால் வந்திருக்கிறது.

* * *

வெள்ளிக்கிழமை காலை ஊக்கு பள்ளிக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "என் கையை யாராவது பார்த்தீங்களா? மேசை மேலதானே இருந்துச்சு என் கை."

ஊக்கின் பைக்குள், கணக்குப் புத்தகத்துக்கு நடுவே கை பத்திரமாக இருந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

எல்லாவற்றையும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். முதலில் கை, அப்புறம் கட்டம், அப்புறம் பாட்டில். ஆனால் கேப்டன் என்ன கேட்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். "பாட்டில்ல குடிச்ச நாலு பேரும் ஏதானே? ஏ இல்லாதவங்க யாராவது குடிச்சு, யாருக்காவது வந்துச்சா?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. 'ஏ படைக்கு மட்டும்' என்று எழுதிய பாட்டிலில் வேறு யார் வாய் வைப்பார்கள்?

வருகைப் பதிவு முடிந்ததும், முதல் வகுப்புக்கு முன்னால் மைதானத்தில் பயிற்சி நடந்தது. ஊக்கு மரத்தடியில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பதிலாக நீலக்கோட்டுக்காரன் நான்காவது இடத்தில் நின்றான். கேப்டன் குச்சியோடு ஓடி வந்தான். பக்கத்தில் வந்ததும், "எடு" என்று கத்துவதற்குப் பதிலாக, தன் தொடையில் பட்டென்று தட்டினான்.

நீலக்கோட்டுக்காரன் குச்சியை எடுக்கவில்லை. "கத்தவே இல்லையே நீ" என்றான்.

கேப்டன் கையைக் கையை ஆட்டினான். மறுபடி ஓடினார்கள். மறுபடியும் தட்டல்தான்.

ஊக்கு நிமிர்ந்து நின்றாள். வருகைப் பதிவின்போதும் இன்று பக்கத்து வகுப்பு ஜன்னல் சாத்தப்படவில்லை.

அப்போதுதான் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. பயிற்சி முடிந்து மூச்சு வாங்க வகுப்புக்குள் வந்த கேப்டன், சித்தப்பாவின் பாட்டிலைத் தூக்கினான். "ஏய், அது ஏ படைக்கு" என்றான் சித்தப்பா. "கேப்டனுக்கு எல்லாப் படையும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, நீலக் குழலைக் கடித்து, பாதிப் பாட்டிலைக் காலி செய்தான்.

பதில் கிடைத்துவிட்டது.

இதோ, மைதானம் முழுக்கப் பிள்ளைகள். இங்கிருந்தே சத்தமாகக் கேட்டால் போதும். ஓ கேப்டனே, வாயைத் திற பார்க்கலாம் என்று. நேற்று அவள் வாயைத் திறந்து காட்டியபோது "மூடு" என்றானே. ஊக்கின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது.

கேப்டன் குழாயடிக்குப் போவது தெரிந்தது. அவள் பின்னாலேயே போனாள்.

அவன் கையில் தண்ணீர் ஏந்தி ஒரு வாய் குடித்தான். விழுங்கும்போது கோழி மாதிரிக் கழுத்தை நீட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அது குழாய்த் தண்ணீர் இல்லை. காலர் இன்றும் தூக்கியபடிதான் இருந்தது.

ஊக்கின் நாக்கு நுனியில் இருந்தது திரும்பி உள்ளே போய்விட்டது.

"ரொம்ப வலிக்குதா?" என்றாள்.

கேப்டன் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாருக்கு?" என்றான். காற்றுப் போன சைக்கிள் டயர் மாதிரி இருந்தது குரல்.

"எப்ப இருந்து?"

கேப்டன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு குழாயடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். "காலையில எழுந்ததுல இருந்து. உடம்பும் சுடுது. யார்கிட்டயும் சொல்லிடாத ஊக்கு. ஓ பிரிவுக்கு எப்படிடா வந்துச்சுன்னு சிரிப்பாங்க. எனக்கே புரியல. ஒரு வேளை என் அட்டையில தப்பா அடிச்சிட்டாங்களோ?"

ஊக்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அட்டை சரிதான். அது அப்புறம். இப்ப நர்ஸ் அக்காகிட்ட வா."

"நான் வரல. போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"நான் எனக்குத் தொண்டை பார்க்கப் போறேன். நீ எனக்குத் துணைக்கு வா. கேப்டன்தானே துணைக்கு வரணும்?"

அது அவனுக்குப் பிடித்திருந்தது. காலரைச் சரி செய்துகொண்டு வந்தான்.

* * *

நர்ஸ் அக்காவின் அறையில் ஒரு கட்டில், ஒரு எடை பார்க்கும் கருவி, ஒரு டார்ச் லைட். ஊக்கின் தொண்டையை முதலில் பார்த்தார். "சுத்தமா இருக்கு. இதுக்கு எதுக்கு வந்தீங்க?" என்றவர், அவள் கண் காட்டிய பக்கம் திரும்பினார். "துணைக்கு வந்தவரே, நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க."

திறந்தான். நர்ஸ் அக்கா டார்ச்சை அணைத்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். "இந்த வாரம் உங்க வகுப்புல அஞ்சாவது ஆளு நீ. அஞ்சும் ஒரே மாதிரி. எல்லாரும் ஒரே தட்டுல சாப்பிட்டீங்களா?"

"ஒரே குழல்ல குடிச்சாங்க" என்றாள் ஊக்கு. அந்தப் பாட்டிலைப் பற்றியும் செவ்வாய்க்கிழமையைப் பற்றியும் சொன்னாள்.

கேப்டன் வாயை மூட மறந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் ஓ" என்றான் கடைசியில், ஏதோ புகார் கொடுப்பது போல.

"கிருமி உன் அட்டையைப் படிச்சிட்டா உள்ள வரும்? நேரே வாய்க்குள்ள குழல் விட்டு அழைச்சிருக்க." நர்ஸ் அக்கா ஒரு சீட்டு எழுதினார். "வீட்டுக்குப் போன் பண்றேன். இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி மருந்து வாங்கிக்கணும். காய்ச்சல் போயி, டாக்டரும் சரின்னு சொன்னா புதன்கிழமை ஓடலாம். இல்லைன்னா உட்கார்ந்து கைதட்டலாம். ஊக்கு, நீ போய் அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வா. குழலைக் கையால தொடாத."

வெளியே வந்ததும் கேப்டன் வராந்தாவில் நின்றான்.

"காலையிலயே உனக்குத் தெரியும்ல?"

"மைதானத்துல தெரிஞ்சுது."

"அங்கேயே ஏன் சொல்லல?"

ஊக்கு தோளைக் குலுக்கினாள். "தண்ணி குடிக்கவே உனக்கு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு."

கேப்டன் விறுவிறுவென்று வகுப்புக்குள் போனான். கதவருகே நின்று, மேசையைத் தட்டி எல்லாரையும் திரும்ப வைத்தான். அந்தக் காற்றுப் போன குரலில் பேசினான். எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"எனக்குத் தொண்டை வலி. காய்ச்சல். நான் ஓதான். செவ்வாக்கிழமை அந்தப் பாட்டில்ல குடிச்சேன். குடிச்ச அஞ்சு பேருக்கும் வந்திருக்கு. குடிக்காத ஏ ரெண்டு பேருக்கு வரல. கண்டுபிடிச்சது ஊக்கு. மீதிய அவ சொல்லுவா. எனக்கு முடியல."

வகுப்பே ஊக்கைப் பார்த்தது. அவள் பையைத் திறந்து கணக்குப் புத்தகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அது என்ன?" என்றாள் சோப்பு.

"பேங்க் மேனேஜர் சட்டைக் கை."

எல்லாரும் சிரித்தார்கள். ஊக்கு அறிவிப்புப் பலகைக்குப் போனாள். கேப்டன் ஒட்டிய மேல் பாதியோடு சட்டைக் கையைச் சேர்த்து வைத்தாள். வளைத்து வெட்டியது போக மிச்சமிருந்த கிழிந்த ஓரம் பல்லுக்குப் பல் பொருந்தியது. இரண்டையும் இணைக்க எதுவும் இல்லை. குனிந்து தன் ஸ்கர்ட்டின் ஓரத்திலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். ஸ்கர்ட்டின் ஓரம் தொங்கியது. பரவாயில்லை.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு படித்தார்கள்.

"நோய் பரவுவதில் இதைவிடப் பெரிய பங்கு... அப்புறம்? எதுக்குன்னு போடலியே" என்றான் நீலக்கோட்டுக்காரன்.

"வெட்டுப்பட்டுப் போச்சு" என்றாள் ஊக்கு.

"உறிஞ்சுகுழலுக்குன்னு எழுதிடலாமா?"

"வேணாம். அவங்க என்ன எழுதினாங்கன்னு நமக்குத் தெரியாதே."

"அப்ப இனிமே நான் எங்க வேணா உட்காரலாமா?" என்று அவன் கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான். இரண்டு வாரமாக அவன் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

கேப்டன் போவதற்கு முன் கரும்பலகை ஓரத்துக்குப் போனான். வெள்ளைப் புகையாக இருந்த எழுத்தின் மேலேயே சாக்பீஸை அழுத்தி எழுதினான். ஊக்கு. சாக்பீஸ் உடைந்தது.

சாயங்காலம் வீட்டில் அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "பேங்க் மேனேஜர் வந்துட்டுப் போனாரு. சட்டைக்குக் கை எங்கன்னு கேட்டாரு. என் மகள் படிக்க எடுத்துட்டுப் போயிருக்கான்னு எப்படிம்மா சொல்றது?"

"என்ன சொன்னீங்க?"

"கை ஸ்கூலுக்குப் போயிருக்குன்னு சொன்னேன். இடத்தை மாத்திக் கடை வைக்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

* * *

ஏ படையில் நாலு பேரும் திங்கட்கிழமை திரும்பி வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில். சித்தப்பாவின் பீரங்கிப் பாட்டில் குழலை இழந்து, வகுப்பு ஜன்னலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டது. "எங்க சித்தப்பா அதுக்குத்தான் அனுப்பினாரு" என்றான் அவன்.

கேப்டன் மட்டும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

புதன்கிழமை மைதானத்தில் கோடு போட்டுவிட்டார்கள். ஊக்கு புதிதாகத் தைத்த ஓரத்தோடு வந்து நின்றாள். அப்பாவே உட்கார்ந்து இரட்டைத் தையல் போட்டிருந்தார். அவள் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. விளையாட்டு ஆசிரியர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும்போது, கையில் டாக்டர் சீட்டை ஆட்டிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். காலர் மடங்கிச் சரியாக இருந்தது. பேசக்கூட நேரமில்லை. மூன்றாவது இடத்தில் போய் நின்றுகொண்டான்.

விசில் ஊதியது. முதல் ஆள் நன்றாக ஓடினான். இரண்டாவது ஆள் குச்சியைத் தவறவிட்டு எடுத்ததில் இரண்டு வகுப்புகள் முந்திவிட்டன. குச்சி கேப்டன் கைக்கு வந்தது. ஊக்கு முன்பக்கம் பார்த்து, கையைப் பின்னால் நீட்டி, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள். குரல் வருமா, வராதா?

காலடி நெருங்கியது.

"எடு!"

மரத்திலிருந்த காக்கை ஒன்று எழுந்து பறந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ ஒருவர் கீழே கிடந்த செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். குச்சி உள்ளங்கையில் பட்ட அதே நொடியில் ஊக்கு பாய்ந்தாள்.

ஒருவனை வளைவில் தாண்டினாள். இன்னொருத்தியை எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில். ஓர் ஊக்கின் நீளம்கூட இருக்காது வித்தியாசம், ஆனால் கயிற்றை முதலில் தொட்ட நெஞ்சு அவளுடையதுதான்.

மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தாள். பொத்தான் வந்து மடியில் விழுந்தான். கூட்டத்துக்குப் பின்னால் அப்பா, கழுத்தில் அளவு நாடாவோடு, வகுப்பறைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். அறிவிப்புப் பலகையில் இருந்த கையை ஒரு காகிதத்தில் படி எடுத்துக்கொள்ளத்தான்.

கேப்டன் இரண்டு கையையும் வாயருகே குவித்து, தொண்டை கிழிய, "ஊக்கு, ஊக்கு" என்று கத்தினான். தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தூரத்தில், பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.